தலைக்காயத்துக்குப் பிறகு பிசியோ மட்டும் போதுமா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தம்பிக்கு 26 வயது, லேத் பட்டறையில் வேலை. திருமங்கலம் ரோட்டில் எதிரே வந்த லோடு வண்டி தட்டி பைக்கிலிருந்து விழுந்திருக்கிறார், ஹெல்மெட் இல்லை. இடது பக்க மண்டை ஓட்டைத் திறந்து ஆபரேஷன், 12 நாள் கண் திறக்கவில்லை, 38-ம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது மூன்று மாதம் முடிந்திருக்கிறது. வலது கையும் காலும் சரியாக வரவில்லை, நாலைந்து வார்த்தைதான் பேசுகிறார், காலையில் நடந்தது மதியம் நினைவில்லை, கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று ஒரு வரி மட்டும். பிசியோ மட்டும் போதுமா, வேறு யாரைப் பார்ப்பது, எத்தனை மாதத்தில் பழையபடி ஆவான்? இதுதான் கேள்வி. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, 'ஆளே மாறிட்டான்' என்று, எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. கை கால் வரவில்லை என்றால் பிசியோவிடம் போகலாம், ஆள் மாறியதற்கு யாரிடம் போவது?

நான் மதுரையில் 19 வருடமாக பிசியோதெரபிஸ்ட். முதல் ஏழு வருடம் ஆஸ்பத்திரி வார்டில், அப்புறம் பெரும்பாலும் வீடு வீடாகப் போய். தம்பியின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை, மாத்திரை அளவு என் வேலை இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஒன்று. 'தண்ணி குடிச்சா மட்டும் இருமுறான், மத்தபடி சாப்பாடு நல்லா இறங்குது' என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதை இந்த வாரமே கவனிக்க வேண்டும். மூளையில் அடிபட்ட பலருக்கு விழுங்கும் வேகம் குறைந்துவிடும். தண்ணீர் வேகமாக ஓடும், தொண்டை மூடுவதற்குள் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அது நாள்பட நுரையீரலில் சளியும் காய்ச்சலுமாக முடியும். இருமுபவர்களையாவது கண்டுபிடித்துவிடலாம், சிலருக்கு உள்ளே போனாலும் இருமலே வராது. இதைப் பரிசோதிப்பவர் ஸ்பீச் தெரபிஸ்ட்தான். பேச்சுக்கு மட்டும்தான் அவர் என்று நினைத்து நம் ஊரில் பலர் கடைசியில்தான் அவரிடம் போகிறார்கள். அவர் பார்க்கும்வரை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, சின்ன ஸ்பூனில், ஒன்று இறங்கிய பிறகு அடுத்தது என்று கொடுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து வாயில் ஊற்றவே கூடாது, தூக்கக் கலக்கத்தில் கொடுக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள். ரசம் சாதம் லேசான சாப்பாடு என்று நினைக்கிறோம், ஆனால் பருக்கையும் தண்ணீரும் கலந்திருப்பதால் இவர்களுக்கு அதுதான் கஷ்டம். கெட்டியான கேப்பைக் கூழும் நன்றாக மசித்த இட்லியும் பெரும்பாலும் சுலபமாக இறங்கும். இதோடு காய்ச்சல் வந்தாலோ நெஞ்சில் சளி கரகரத்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

சரி, பிசியோ மட்டும் போதுமா? போதாது. பிசியோவாக இருந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

காரணம் காயத்தின் தன்மையிலேயே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கம்தான் வலது கை காலையும் மொழியையும் பார்த்துக்கொள்கிறது. தம்பிக்கு அது இரண்டும் சேர்ந்து போயிருப்பது அதனால்தான். பக்கவாதமாக இருந்தால் பெரும்பாலும் அந்த ஒரு இடத்தோடு நின்றிருக்கும். விபத்து அப்படி இல்லை. தலை வேகமாகப் போய் நிற்கும்போது மூளை உள்ளே குலுங்குகிறது, நெற்றிக்குப் பின்னாலும் காதுக்கு மேலும் இருக்கும் பகுதிகள் மண்டை ஓட்டின் கரடுமுரடான அடித்தளத்தில் உரசிக் கன்றிப்போகின்றன, நரம்பு இழைகள் பல இடங்களில் இழுபட்டு அறுகின்றன. கோபத்தை அடக்குவது, ஒரு வேலையைத் தானாக ஆரம்பிப்பது, கவனம், புது நினைவு எல்லாம் அந்தப் பகுதிகளின் பொறுப்பு. ஸ்கேனில் சின்னதாகத் தெரிகிற காயம் வீட்டில் பெரிதாகத் தெரிவதும் இதனால்தான். தட்டை எறிவது திமிர் இல்லை, வளர்ப்பும் இல்லை, அதுவும் வராத வலது கையைப் போல ஒரு காயம்தான்.

இதை நானே தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர், நாற்பதைத் தாண்டியவர் (அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரத்தை மாற்றியிருக்கிறேன்). தினமும் காலையில் போவேன், 'அண்ணே, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, முன்னாடி குனிஞ்சு, எந்திரிங்க' என்பேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு வாரம் இப்படிப் போனது. ஃபைலில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிவைத்தேன், அதைக் கேட்டுவிட்டு அவர் மனைவி வேறு அவரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் ஸ்பீச் தெரபிஸ்ட் என் நேரத்தில் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். 'கண்ணை மூடுங்க' என்றார், அவர் மூடினார். 'மூக்கைத் தொட்டுட்டுக் கண்ணை மூடுங்க' என்றார், பூக்கடைக்காரர் தெரபிஸ்ட் முகத்தையே பார்த்தார், என்னைப் பார்த்த அதே பார்வை. ஒரு வாக்கியத்தில் ஒரு வேலைதான் அவருக்குப் புரிந்தது, நான் மூன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் நான் வாயே திறக்கவில்லை. முழங்காலைத் தட்டி, நானே எதிரில் எழுந்து காட்டினேன். எழுந்துவிட்டார். அந்த இரண்டு வாரத்தை அவருக்கு நான்தான் வீணாக்கினேன், இன்றும் நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம், அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒரு பை மல்லிகை மொட்டும் நாரும் வாங்கி வந்து இடுப்பு உயர மேஜையில் கொட்டினார். என்னிடம் இரண்டு நிமிடம் தாங்காதவர் அங்கே பத்து நிமிடம் நின்றார். வலது கை விரல் பாதிதான் மடங்கியது, நார் இரண்டு தடவை நழுவியது, மூன்றாவது தடவை கட்டைவிரலில் நாரைச் சுற்றி இழுத்தாரே, அந்த இழுப்பு பழைய இழுப்பு. ஒரு சாண் கட்டினார். சின்ன வயதிலிருந்து கை பழகிய வேலையை மூளை வேறு இடத்தில் வைத்திருக்கிறது, நேற்று நடந்ததை மறந்தவர்களிடமும் அது பல சமயம் தப்பிப் பிழைத்திருக்கும். உங்கள் தம்பி லேத்தில் வேலை பார்த்தவர் என்று படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. மிஷின் பக்கம் விடாதீர்கள், ஆனால் ஒரு போல்ட்டும் நட்டும் கையில் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது யார் யார் வேண்டும் என்று சொல்கிறேன். தலைவராக ஒரு மறுவாழ்வு மருத்துவர், பி.எம்.ஆர். டாக்டர் என்பார்கள், மொத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பவர் அவர். ஆபரேஷன் செய்த நியூரோ சர்ஜன் உயிரைக் காப்பாற்றினார், அவரிடம் மாதம் ஒருமுறை ஐந்து நிமிடத்தில் கோபத்தையும் மறதியையும் பேச முடியாது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, திரும்ப வேலைக்குப் போவது எல்லாம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கவனம், நினைவு, நடத்தை இவற்றை அளந்து பயிற்சி தருபவர் நரம்பு உளவியல் படித்தவர், தென்மாவட்டங்களில் கிடைப்பதே அரிது, கிடைக்காவிட்டால் மூளைக் காயம் பார்த்துப் பழகிய ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். கோபமோ சோர்வோ மிஞ்சினால் மனநல மருத்துவர், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கை காலைத் தாங்கும் ஸ்பிளின்ட், காலிப்பர் செய்பவர் தேவைப்பட்டால்.

ஆனால் ஆறு பேர் தனித்தனியாகப் பார்ப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது. ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரிய வேண்டும். ஒரு வீட்டில் கை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் மாத்திரையைக் காலை பத்து மணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பதினொரு மணிக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் வருவார், பையன் தூங்கி வழிவான். ஒரு மாதம் இப்படியே போய், டாக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றிய பிறகுதான் பயிற்சியில் கண் விழித்தான். இதெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இடம் என்றால் வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம். மேரி வர்கீஸ் என்ற டாக்டர், 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே 1966-ல் அதைத் தொடங்கிவைத்தார். பெங்களூரு நிம்ஹான்ஸில் நரம்பு மறுவாழ்வுத் துறையும் நரம்பு உளவியலும் உண்டு. அரசு என்றால் சென்னை கே.கே. நகர் மறுவாழ்வு மருத்துவ நிலையம். மூன்று நான்கு வாரம் போய்த் தங்க முடிந்தால் ஒரு தடவை போய், திட்டம் வாங்கிக்கொண்டு ஊரில் தொடருங்கள். முடியாவிட்டால் மதுரை அரசு பெரிய ஆஸ்பத்திரியில் என்னென்ன பிரிவு இருக்கிறது என்று நேரில் விசாரியுங்கள். மதுரையில் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் கோரிப்பாளையத்தில் ஒருவர், அண்ணா நகரில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறார்கள், அவர்களைச் சேர்த்துக் கட்டும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.

அதற்கு நான் எல்லா வீட்டிலும் சொல்வது ஒரு நூறு பக்க நோட்டு. யாரிடம் போனாலும் அது கூடப் போக வேண்டும், ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுத வேண்டும், எழுத மாட்டேன் என்றால் அவர் சொன்னதை நீங்கள் எழுதுங்கள். முதல் பக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு இலக்கு, அதுவும் தம்பிக்கு வேண்டிய இலக்கு. உதாரணமாக, தானே கைலி கட்டுவது. பிடிக்காமல் நிற்பதற்கு பிசியோ பயிற்சி கொடுப்பார், ஒரு கையால் சுற்றிச் செருகுவதை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொல்லித்தருவார், 'சுத்து', 'மடி', 'செருகு' என்று ஒவ்வொரு சொல்லாக ஸ்பீச் தெரபிஸ்ட் பழக்குவார், தினமும் அதே நேரம், அதே இடம், அதே வரிசை என்று வைப்பது நினைவுக்கு. 'நடக்க வைக்கணும், பேச வைக்கணும்' என்று பொதுவாக எழுதினால் நாலு பேரும் நாலு பக்கம் இழுப்பார்கள்.

கோபத்துக்கு வருகிறேன். தட்டு பறப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் என்ன நடந்தது என்று ஒரு வாரம் அந்த நோட்டில் குறியுங்கள். டிவி ஓடியதா, எத்தனை பேர் இருந்தார்கள், பசியா, மூத்திரம் வந்ததா, சொல்ல நினைத்த வார்த்தை வரவில்லையா? பெரும்பாலும் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். நான் பார்த்த வீடுகளில் முதல் காரணம் விசிட்டர்கள்தான். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஆறு பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்று, எல்லோரும் சேர்ந்து 'என்னையத் தெரியுதா? யாருன்னு சொல்லு பாப்போம்' என்பார்கள். பாசத்தில்தான் கேட்கிறார்கள், ஆனால் அது பரீட்சை, அதில் அவர் தோற்றுக்கொண்டே இருப்பார். தப்பாக ஒரு பேர் வாயில் வந்துவிட்டால் நினைவு கெட்டவர்களுக்கு அந்தத் தப்பே ஒட்டிக்கொள்ளும். சரியானதை முதலிலேயே கொடுத்துவிட்டால் நன்றாகப் பதிகிறது என்று 1994-ல் இங்கிலாந்தில் பேட்லி, வில்சன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் ஒரு நேரத்தில் ஒருவர், உள்ளே வந்ததும் 'நான் செல்லம்பட்டி மாமாடா' என்று தானே சொல்லிவிட்டு உட்காரட்டும். மறதிக்கு மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விட வெளியே வைக்கும் துணைதான் கை கொடுக்கும்: சுவரில் பெரிய காலண்டர், மருந்துக்குப் போனில் அலாரம். 2001-ல் வந்த ஓர் ஆய்வில் 143 பேருக்கு பேஜர் மூலம் நினைவூட்டினார்கள், பெரும்பாலானவர்கள் அன்றாட வேலைகளை மறக்காமல் செய்தார்கள். அந்த பேஜர் வேலையை இன்று உங்கள் போன் செய்யும்.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பலதுறைக் குழுவோடு, அதிக நேரம் தரும் பயிற்சி கடுமையான காயம் பட்டவர்களைச் சீக்கிரம் முன்னேற்றுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, 2005-ல் வந்து 2015-ல் புதுப்பிக்கப்பட்ட கோக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுவது) அதைத்தான் சொல்கிறது. எந்தத் தெரபி எத்தனை மணி நேரம் என்ற கணக்கில் அவ்வளவு உறுதி இல்லை. மூளை தேறுவதற்கென்று சிட்டிகோலின் மாத்திரையை நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள், 1,213 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2012-ல் வெளியான சோதனையில் அது மருந்தில்லாத வெறும் மாத்திரையை விட மேலாக வேலை செய்யவில்லை. அமாண்டடின் என்ற மருந்து வேறு, சுயநினைவு சரியாகத் திரும்பாத நிலையில் இருப்பவர்களுக்கு அது முன்னேற்றத்தைத் துரிதப்படுத்தியதை அதே 2012-ல் காட்டினார்கள், ஆனால் மருந்தை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்தது, தம்பி அந்த நிலையைத் தாண்டிவிட்டார். ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். தலைக்காயத்துக்கு அது நிரூபிக்கப்படவில்லை, ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி ஆராய்ச்சிக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு செய்யவும் கூடாது. நகையை அடகு வைத்து அதற்குப் போகாதீர்கள். வலிப்பு மாத்திரை முதல் வாரத்து வலிப்பைத் தடுக்கும், பிற்பாடு வருவதைத் தடுப்பதாகத் தெரியவில்லை, அதனால் 'இன்னும் தேவையா' என்று டாக்டரிடம் கேளுங்கள், ஆனால் ஒருநாளும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

பழையபடி ஆவாரா? நேர்மையாகச் சொல்கிறேன். கண் திறந்த நாளை விட, தொடர்ச்சியான நினைவு எந்த நாளில் திரும்பியது என்பதுதான் நல்ல அளவுகோல். விபத்திலிருந்து அந்த நாள் வரையிலான இடைவெளி நான்கு வாரத்தைத் தாண்டினால் மிகக் கடுமையான காயம் என்று கணக்கு, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தம்பி அதைத் தாண்டியிருக்கிறார். நூற்றுக்கு நூறு பழையபடி என்று நான் வாக்குக் கொடுத்தால் அது பொய். ஆனால் வயது 26, எழுந்து உட்கார்கிறார், வார்த்தை வருகிறது, இந்த நிலையிலிருந்து நடந்து, தன் வேலையைத் தானே பார்த்து, ஏதோ ஒரு வேலைக்கும் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் ஆறு மாதம் வேகமாக மாறும், அப்புறம் மெதுவாக, இரண்டு வருடம் தாண்டியும் மாறும். 'ஆறு மாசத்துக்கு மேல ஒண்ணும் வராது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதை நம்பிப் பயிற்சியை நிறுத்திய வீடுகள்தான் எனக்கு அதிக வேதனை தந்தவை.

இன்னும் சில, வேகமாக. வலது கையைப் பிடித்துத் தூக்கி எழுப்பாதீர்கள், தோள் நழுவும். முழங்கை, இடுப்பு, முழங்கால் எங்காவது சூடாக வீங்கி இறுகினால் எண்ணெய் போட்டு இழுத்து நீவ யாரையும் விடாதீர்கள், கடுமையான மூளைக் காயத்துக்குப் பிறகு மூட்டைச் சுற்றி எலும்பு வளர்வது உண்டு, பலமாக இழுத்தால் மோசமாகும். ஆபரேஷனில் எடுத்த மண்டை ஓட்டு எலும்பைத் திரும்ப வைக்காமல் விட்டிருந்தால், அதை வயிற்றுத் தோலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறார்களா, எப்போது திரும்ப வைப்பார்கள் என்று கேளுங்கள், அதுவரை எழுந்து நடக்கும்போதெல்லாம் தலைக்குப் பாதுகாப்பு வேண்டும். தேறிக்கொண்டிருந்தவர் திடீரென்று மந்தமானாலோ, தலைவலியோடு வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, நடை தடுமாறி மூத்திரம் தானாகப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. பைக்கும் குடியும் இப்போதைக்கு அறவே வேண்டாம். பாண்டி கோவிலுக்குக் கூட்டிப்போக அம்மா ஆசைப்பட்டால் தாராளமாகப் போங்கள், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, மாத்திரை நேரம் தவறாமல்.

காசு விஷயம். தமிழக அரசின் விபத்துச் சிகிச்சைத் திட்டமான 'நம்மைக் காக்கும் 48' முதல் 48 மணி நேரத்துக்குத்தான், மறுவாழ்வுக்கு வராது. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுங்கள். விபத்து இழப்பீட்டு வழக்கை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள், அதற்கும் மாற்றுத்திறனாளி அட்டைக்கும் கொடுக்கும் சான்றில் கை கால் குறைபாட்டோடு பேச்சு, நினைவு, நடத்தை மூன்றையும் எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் தலைக்காயம் தனி வகையாக இல்லை, அதனால் கை காலை மட்டும் எழுதி அனுப்பிவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது.

நீங்கள் எழுதியதில் அம்மா மூன்று மாதமாக முழுத் தூக்கம் தூங்கவில்லை என்று தெரிகிறது. வாரத்தில் இரண்டு இரவாவது வேறு யாராவது தம்பி பக்கத்தில் படுங்கள், அதையும் நோட்டில் முறை போட்டு எழுதுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் தண்ணீர் இருமலைப் பார்த்து என்ன சொன்னார் என்பதையும், தம்பி முதலில் தானே செய்ய விரும்புவது எது என்பதையும் இங்கேயே எழுதுங்கள். இரண்டாவதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், கைலி, சோப்பு, செருப்பு, போல்ட்டு என்று நாலு பொருளை முன்னால் வைத்து அவரையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு முதல் இரண்டு வாரத்துக்கு என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.